வலப்பக்கம் போன ஊர்

புரட்டாசி மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு, கையில் தூக்குவாளியோடு கடைவீதிக்குத் தயிர் வாங்கப் போன பூலோகம், எப்போதும் போல ரோட்டின் வலப்பக்கமாகவே நடந்து, புளியமரத்தைத் தாண்டி, ரைஸ் மில்லைத் தாண்டி, காலனி முக்கைத் தாண்டி, இருபது நிமிஷம் கழித்துப் பால்கடை வரவேண்டிய இடத்தில் ஒரு பச்சைக் கேட்டைக் கண்டு, இது நம் வீட்டுக் கேட் மாதிரி இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே திறந்து உள்ளே போனார். அவர் மனைவி செல்லக்கனி முற்றத்தில் நின்று, "தயிரு எங்க?" என்று கேட்டாள்.

அவர் திரும்பவும் போனார். திரும்பவும் பச்சைக் கேட் வந்தது. மூன்றாம் முறை போகிறபோது எதிர்வீட்டுக்காரன் பைக்கில் வந்து அவர் பக்கத்தில் நிறுத்தி, "நானும் காலையிலேர்ந்து நாலு தடவை எங்க வீட்டுக்கே போயிட்டேன் அண்ணாச்சி, பெட்ரோலுதான் தீருது" என்றான். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் நின்று வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு, அவரவர் வழியில் போய், அவரவர் வீட்டுக்கே வந்து சேர்ந்தார்கள். மத்தியானத்துக்குள் மேலத்தெருவில் வெளியே கிளம்பிய அத்தனை பேரும், ஆபீசுக்குப் போனவர், பேங்குக்குப் போனவர், பள்ளிக்கூடத்துக்குப் போன பிள்ளைகள், பல்வலிக்கு மாத்திரை வாங்கப் போன நான் உட்பட, ஒருவர் பாக்கியில்லாமல் புறப்பட்ட வாசலுக்கே வந்துவிட்டோம். ரோடு அப்படியேதான் இருந்தது. மரமெல்லாம் இருந்த இடத்தில்தான் இருந்தன. நாங்கள்தான் போய்ச் சேரவில்லை.

எங்கள் செவல்குறிச்சியைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஊருக்கு ரோடு ஒன்றே ஒன்றுதான். மேற்கு முனையில் நாங்கள், மேலத்தெருக்காரர்கள். கிழக்கு முனையில் கடைவீதி, பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி, கடைசியாகச் சுடுகாடு. நடுவில், ரோட்டுக்குத் தெற்கே, காலனி. அந்த ரோட்டில் நாங்கள் வலப்பக்கமாகத்தான் போவோம். நடந்தாலும் வலம், சைக்கிளிலும் வலம், காரிலும் வலம். நாடு முழுக்க இடப்பக்கம் ஓட்டுகிறது, அரசாங்கம் போர்டு வைத்திருக்கிறது, வெளியூர் லாரிக்காரர்கள் எங்கள் எல்லை வந்ததும் எங்கள் குலத்தையே சந்திக்கு இழுத்து ஹாரன் அடிக்கிறார்கள், வருஷத்துக்கு நாலைந்து பேராவது அடிபட்டுச் சாகிறோம், இருந்தாலும் வலந்தான். ஏனென்றால் இடப்பக்கம் காலனிக்காரர்கள் நடக்கிற பக்கம்.

அவர்களும் அந்தப் பக்கத்தை ஆசைப்பட்டு எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் முன்னோர் உட்கார்ந்து யோசித்துச் செய்த ஏற்பாடு அது. இரண்டு பேரும் ஒரே பக்கம் நடந்தால் காலனிக்காரன் எங்களுக்கு முன்னாலோ பின்னாலோதான் போவான். முதுகைத்தான் பார்க்க முடியும். நாங்கள் வலமும் அவன் இடமுமாகப் போனால், போகிறவரும் வருகிறவரும் ஒரே ஓரத்தில் நேருக்கு நேர் வருவோம். எங்களைக் கண்டதும் அவன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு சாக்கடைக்குள் இறங்கி நிற்பதை முகத்துக்கு நேராகப் பார்க்கலாம். இவ்வளவுதான் விஷயம். ஒரு மனிதன் சாக்கடையில் இறங்குவதை முன்பக்கமிருந்து பார்க்கவேண்டும் என்ற ஆசைக்காக ஓர் ஊரே தலைமுறை தலைமுறையாக லாரிக்கு எதிரே போய்க்கொண்டிருந்தது. பிறகு காலம் மாறிச் செருப்புக் கழற்றுவது நின்றது, போலீஸ் கேஸ் வந்து சாக்கடையில் இறங்குவதும் பெரும்பாலும் நின்றது, ஆனால் நாங்கள் மட்டும் பக்கம் மாறவில்லை. கேட்டவர்களிடம் அது எங்கள் பண்பாடு என்று சொன்னோம்.

அன்று மத்தியானம் எல்லாரும் ஊர்த்தலைவர் பெரியதுரை வீட்டு முன்னால் கூடியிருந்தபோது, தடுப்பூசிப் பெட்டியை ஸ்கூட்டியின் முன்னால் வைத்துக்கொண்டு லீதியாள் வந்தாள். அவள் காலனிக்காரி, கிராம சுகாதார நர்ஸ், முப்பத்தைந்து வயது. ஆறு வருஷத்துக்கு முன் அவள் அப்பா தேவசகாயம் கடைவீதியிலிருந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தபோது, பெரியதுரையின் கார் அதே ஓரத்தில் நேராக வந்தது. கார் ஒதுங்காது என்று தெரிந்து அவர் ஒதுங்கினார், சாக்கடையில் விழுந்து இடுப்பு ஒடிந்தது, எட்டு மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்து செத்தார். "அவன்தான விழுந்தான், நானா தள்ளுனேன்?" என்று பெரியதுரை கேட்டார். நியாயமான கேள்வி என்று நாங்கள் தலையாட்டினோம்.

"ஏ நர்ஸு, நீ எப்படி வந்த?" என்று பூலோகம் கேட்டார்.

"ஸ்கூட்டியில."

"அது தெரியுது. ரோட்டுல ஒரு தொந்தரவும் இல்லையா?"

"இல்லையே அண்ணாச்சி."

அவள் ஐயா என்று சொல்லாமல் அண்ணாச்சி என்று சொன்னது சிலருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் நடந்ததையெல்லாம் சொன்னோம். அவள் ஊசிப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள்.

"வலப்பக்கமா போனவங்கதான் எல்லாம் திரும்பி வந்திருக்கீங்க. இடப்பக்கமா போய்ப் பாருங்க. போய்ச் சேருவீங்க. நாங்கள்லாம் சேருதோமே."

கூட்டத்தில் ஒருவன் காறித் துப்பினான். பெரியதுரை நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "வந்த சோலியப் பாத்துட்டுக் கிளம்பு பிள்ள" என்றார். அவள் இரண்டு குழந்தைகளுக்கு ஊசி போட்டுவிட்டு, இடப்பக்கமாகவே ஸ்கூட்டியை ஓட்டிப் போய்ச் சேர்ந்தாள்.

ஆகவே முதல் நாள் மத்தியானம் பன்னிரண்டரை மணிக்கே எங்களுக்கு மருந்து தெரிந்துவிட்டது. அதைச் சாப்பிடாமல் இருப்பதற்காக நாங்கள் பதினோரு மாதம் பாடுபட்டோம்.

பக்கத்து ஊரிலிருந்து ஜோசியரை வரவழைத்தோம். அவர் இடப்பக்கம் வருகிற பஸ்ஸில் ஏறி வந்து சேர்ந்ததைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ரோட்டுக்குக் கண் பட்டிருக்கிறது என்றார். நூற்றெட்டுப் பூசணிக்காய் உடைத்தோம். பூசணிக்காயில் வழுக்கி இரண்டு பேருக்குக் கை முறிந்தது, அந்தக் கையைக் கட்டுப் போடப் போனவர்கள் முறிந்த கையோடு வீட்டுக்கே வந்தார்கள். ஒருவர் முகத்தை மேற்கே வைத்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து போனார். அவர் தன் வீட்டுக் கொல்லைப்புறத்தில் வந்து முட்டினார். காரை ரிவர்ஸில் ஓட்டியவருக்கும் கொல்லைப்புறமே கிடைத்தது. இன்னொருவர் இடமும் வேண்டாம் வலமும் வேண்டாம் என்று நட்ட நடு ரோட்டில் நடந்தார், அவர் பதினைந்து வருஷமாக வரப்புத் தகராறில் பேசாமல் இருந்த எதிர்வீட்டுக்காரர் வீட்டுக்குள் போய் நின்றார், வந்தவரைத் துரத்தக்கூடாது என்று அவர்களும் காப்பி கொடுத்தார்கள், குடித்துவிட்டு மறுபடியும் பேசாமல் வந்துவிட்டார். பஸ்ஸில் போகலாமே என்று பெண்கள் சிலர் சொன்னார்கள். பஸ் நிற்பது இடப்பக்கம். ஏறவேண்டுமென்றால் அங்கே போய், காலனிக்காரர்களோடு சேர்ந்து நிற்கவேண்டும். அதற்குப் பேசாமல் வீட்டிலேயே இருக்கலாம் என்றோம். இருந்தோம்.

வீட்டிலேயே இருப்பதற்கு மனிதர்கள் எவ்வளவு சீக்கிரம் பழகிவிடுகிறார்கள் என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். தைப் பொங்கலுக்குள் எங்களுக்கு எல்லாம் பழகிவிட்டது. வெளியூர் வியாபாரிகள் வேனில் வந்து காய்கறி கொடுத்தார்கள், அழுகல்தான் கொடுத்தார்கள், வாங்கினோம். பிள்ளைகளுக்குக் கல்யாண மண்டபத்தில் பள்ளிக்கூடம் வைத்தோம். எழுத்து அழகாக இருக்கிறது என்பதற்காக என்னை வாத்தியாராகப் போட்டார்கள், எனக்குத் தெரிந்த ஏழாம் வாய்ப்பாடு வரை சொல்லிக் கொடுத்தேன். ஆபீஸ் வேலையில் இருந்தவர்களுக்கு வேலை போயிற்று. பல்வலி வந்தவர்கள் பல்லைத் தாங்களே பிடுங்கிக்கொண்டார்கள். இவ்வளவுக்கும் நடுவில் எங்களுக்கு ஒரு பெருமையும் வந்து சேர்ந்தது. "நாங்க எங்கயும் போறதில்ல, எல்லாம் எங்களத் தேடி வரும்" என்று பெரியதுரை முதலில் சொன்னார், பிறகு தெருவில் எல்லாரும் சொன்னார்கள், சொல்லச் சொல்ல அது ஏதோ நாங்களே பார்த்து எடுத்த முடிவு போல ஆகிவிட்டது.

காலனிக்காரர்களுக்கு அந்தப் பதினோரு மாதமும் வேறு மாதிரி கழிந்தது. பிறந்ததிலிருந்து முதல் முறையாக அவர்கள் நடக்கிற ஓரத்தில் எதிரே யாரும் வரவில்லை. காலை நேரத்தில் பெண்கள் நாலைந்து பேராகக் கைகோத்துச் சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள். பிள்ளைகள் ரோட்டிலேயே சைக்கிள் பழகினார்கள். யாரும் எங்களைத் திட்டவில்லை, கேலி பேசவில்லை, சொல்லப்போனால் எங்களைப் பற்றி நினைக்கவே இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு அதுதான் தாங்கவில்லை.

ஆடி மாதம் ஒரு நாள் காலை பத்து மணிக்குப் பெரியதுரைக்கு நெஞ்சு வலித்தது. அவர் மனைவி சண்முகக்கனி, அறுபது வயது, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து யார் பேச்சுக்கும் எதிர்ப்பேச்சுப் பேசி நாங்கள் கேட்டதில்லை, அவள்தான் லீதியாளுக்குப் போன் பண்ணினாள். லீதியாள் வந்து பிரஷர் பார்த்தாள், நாடி பார்த்தாள், ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள். பத்து நிமிஷத்தில் வந்துவிட்டது. பெரியதுரையின் மூத்த மகன் செந்தில்வேல் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டான். லீதியாள் பின்னால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பெரியதுரை ஆக்சிஜன் மூடியை விலக்கிவிட்டு, "டிரைவர் தம்பி, வலப்பக்கமா போ" என்றார்.

"ஐயா, அது ராங் சைடு. எதுக்க வண்டி வந்தா அத்தனை பேரும் போயிருவோம்."

"எங்க ஊர்ல அதுதான் ரைட்டு" என்று செந்தில்வேல் ஸ்டியரிங்கில் கை வைத்தான்.

சைரன் கிழக்கே போயிற்று. நாங்கள் வாசலில் நின்றோம். ஆறு நிமிஷத்தில் அதே சைரன் எங்களை நோக்கியே வந்தது, வண்டி பெரியதுரை வீட்டு வாசலில் நின்றது. டிரைவர் இறங்கி வீட்டைப் பார்த்தான், ரோட்டைப் பார்த்தான், திரும்ப ஏறினான். இரண்டாம் முறையும் வந்தது. அப்போது லீதியாள் அவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்து சொன்னதை, வண்டிக் கதவு திறந்திருந்ததால், நாங்களும் கேட்டோம்.

"நேரம் இல்ல. இந்த ஒரு தடவை மட்டும் இடப்பக்கமா போகச் சொல்லுங்க. பிழைச்சிரலாம்."

பெரியதுரை அவளைப் பார்த்தார். "உங்கப்பன் வந்த பக்கமா?"

ஆறு வருஷமாக அவர் அதை மறந்துவிட்டார் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

"ஆமா. எங்கப்பா வந்த பக்கந்தான்" என்றாள் அவள். "ஆஸ்பத்திரிக்கு வழி அதுதான்."

அவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். மூன்றாம் முறை சைரன் வீட்டு வாசலில் நின்றபோது அவர் கையில் நாடி இல்லை. லீதியாள் விடவில்லை, கால் மணி நேரம் அவர் நெஞ்சை அமுக்கி அமுக்கிப் பார்த்தாள். அவள் கொண்டை அவிழ்ந்து, வேர்வை அவர் சட்டையில் சொட்டியது. "அந்தாளு பிழைக்கணும்னு எனக்கு ஆசை இருந்துச்சான்னு இன்னைக்கும் தெரியல, கைதான் நிக்க மாட்டேன்னுட்டு" என்று பின்னொரு நாள் என்னிடம் சொன்னாள். நாங்களோ, சொந்த வீட்டு வாசலில் உயிர் போவதற்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டோம்.

மறுநாள் காலையில் பாடை கட்டித் தூக்கினோம். சங்கு ஊதி, பூ இறைத்து, வெடி போட்டு, செந்தில்வேல் கொள்ளிச்சட்டியோடு முன்னால் போக, வலப்பக்கமாகவே நடந்து, புளியமரம் தாண்டி, மில் தாண்டி, காலனி முக்குத் தாண்டி, பெரியதுரையைப் பெரியதுரை வீட்டுக்கே கொண்டுவந்து இறக்கினோம். செத்தவரை வழியனுப்பி வைத்துவிட்டுக் குளித்துக்கொண்டிருந்த பெண்கள் ஈரச்சேலையோடு ஓடிவந்து மறுபடியும் ஒப்பாரி வைத்தார்கள். அன்றைக்கு மூன்று முறை போனோம், அடுத்த நாள் இரண்டு முறை. ஒவ்வொரு முறையும் அதே பூவைத்தான் பொறுக்கி இறைத்தோம். அதற்குள் கரண்ட் போய், ஐஸ் பெட்டி அணைந்து, தெரு முழுக்க வாடை அடித்தது. நாங்கள் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு கூட்டம் போட்டோம்.

கூட்டத்தில் செந்தில்வேலுக்கு ஒரு யோசனை வந்தது. அந்தக் காலத்தில் காலனிக்காரர்கள்தானே சாவு வேலையெல்லாம் பார்த்தார்கள். அவர்களே தூக்கிக்கொண்டு அவர்கள் பக்கமாகப் போய் எரித்துவிடட்டும், நாம் வீட்டில் இருந்தே கும்பிட்டுக்கொள்வோம் என்றான். பெற்ற அப்பனை ஊர்க் குப்பை மாதிரி கொடுத்தனுப்பலாம், ஆனால் அந்த அப்பனோடு ரோட்டின் அந்த ஓரத்தில் நடக்கக்கூடாது. அருமையான யோசனை என்றோம் எல்லாரும், நானும் சொன்னேன். லீதியாளிடம் சொல்லி அனுப்பினோம். அவள் சாயங்காலம் வந்தாள்.

"கேட்டேன். அவங்க சொன்னத அப்படியே சொல்லுதேன். தூக்க மாட்டாங்க. நீங்க தூக்கிட்டு முன்னால போனா, ஒரு சாவுக்கு வாற மாதிரி பின்னால வாரோம்னு சொன்னாங்க."

"அவனுவ பின்னால வாறதுக்கு நாங்க அந்தப் பக்கம் போவணுமாக்கும்?" என்று பூலோகம் குதித்தார்.

அப்போது உள்ளே, ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டு நாளாகத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்த சண்முகக்கனி எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"ஏலே செந்திலு, உங்கப்பா நாறுதாரு."

"அதுக்கு நாங்க என்னம்மா செய்ய?"

"நீ ஒண்ணும் செய்யாண்டாம். உக்காரு." பிறகு தெருவைப் பார்த்துக் கூப்பிட்டாள். "ஏ செல்லக்கனி, வா. உன் தங்கச்சியையும் கூப்பிடு. பெலமுள்ள பொம்பளைக இன்னும் மூணு பேரு வாங்க."

பொம்பளைகள் சுடுகாட்டுக்குப் போகக்கூடாது என்று யாரோ சொன்னார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆறு பெண்கள் பாடையைத் தூக்கினார்கள். பெரியதுரை கனமான மனிதர், உப்பிப்போய் இன்னும் கனமாகியிருந்தார். லீதியாளும் தோள் கொடுக்க வந்தபோது சண்முகக்கனி கையைக் காட்டி நிறுத்தினாள். "நீ தூக்க வேண்டாம் தாயி. தூக்குனதெல்லாம் போதும். வழிக்கு மட்டும் கூட வா."

அவர்கள் இடப்பக்கமாகப் போனார்கள். நாங்கள், மேலத்தெருவின் ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும், தெருமுனை வரை போய் நின்று பார்த்தோம். காலனி முக்கு நெருங்கும்போது சண்முகக்கனி நின்று ஏதோ கேட்டதும், லீதியாள் எதிர் ஓரத்துச் சாக்கடையைக் காட்டியதும் எங்களுக்குத் தெரிந்தது. "அங்கனதான் விழுந்தாரா?" என்று கேட்டாளாம். "ஆமாம்மா." சண்முகக்கனி பாடையைக் கீழே இறக்கச் சொன்னாள். இறக்கினார்கள். அவள் ரோட்டைக் கடந்து போய், அந்த இடத்தில் ஒரு நிமிஷம் நின்றாள். அழவில்லை, கும்பிடவில்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. திரும்பி வந்து, "தூக்குங்க" என்றாள். காலனியிலிருந்து ஆணும் பெண்ணுமாக இருபது முப்பது பேர் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் கிழக்கே புகை எழும்பியது. கொள்ளி வைத்தவள் அவள்தான்.

மறுநாளிலிருந்து எங்கள் வீட்டுப் பெண்கள் இடப்பக்கமாகவே கடைக்குப் போனார்கள், ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், பிள்ளைகளைக் கொண்டுபோய் நிஜப் பள்ளிக்கூடத்தில் விட்டார்கள். என் மண்டபத்துப் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வாய்ப்பாடு பாதியில் நின்றது. சும்மா ஒரு வேலையும் இல்லாமல் பஸ் ஏறித் திருச்செந்தூருக்குப் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வந்தவர்களும் உண்டு. நாங்கள் வீட்டில் இருந்தோம். "போயிட்டு வாரேன், கேஸ் அடுப்பப் பாத்துக்கோங்க" என்று செல்லக்கனி பூலோகத்திடம் சொல்லிவிட்டுப் போவதை ஒரு மாதம் அவர் பொறுத்தார், அதற்கு மேல் முடியவில்லை. ஊர்க்கூட்டத்தைக் கூட்டினார்.

ஆண்கள் மட்டும் கூடிய அந்தக் கூட்டத்தில்தான், உலகத்தில் எந்த ஊரும் போடாத தீர்மானத்தைப் போட்டோம். எழுதியது நான். செவல்குறிச்சி மேலத்தெருவில் இதுவரை இடப்பக்கம் என்று தவறாகச் சொல்லப்பட்டு வந்தது இன்று முதல் வலப்பக்கம் என்றும், வலப்பக்கம் எனப்பட்டது இடப்பக்கம் என்றும் வழங்கப்படும். இதை ஏற்காதவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஊர் போகாது. நாற்பத்தெட்டுப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். மறுநாள் காலையில் மாலை மரியாதையோடு புதிய வலப்பக்கத்தில் இறங்கி நடந்தோம், நேராகக் கடைவீதிக்குப் போய்ச் சேர்ந்தோம். பூலோகம் ஒரு வருஷம் கழித்துத் தயிர் வாங்கினார். கடைக்காரன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நம் வலப்பக்கம் நம்மைக் கைவிடவில்லை பார்த்தீர்களா என்று ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டோம். ரோட்டுக்கு இதெல்லாம் தெரியுமா என்பது எனக்குத் தெரியாது. அது எங்கள் கால்களை மட்டும் பார்த்தது, வாயைப் பார்க்கவில்லை.

அதோடு விட்டிருந்தால் நாங்கள் நாங்களாக இருந்திருக்க மாட்டோம். அடுத்த வாரமே நாலு பேர் காலனிக்குப் போய், இந்த ஓரம் இப்போது வலப்பக்கம் ஆகிவிட்டது, அதாவது எங்கள் பக்கம், முறைப்படி நீங்கள் இனி அந்த ஓரம்தான் நடக்கவேண்டும் என்று சொன்னோம். அங்கே நடந்தால் அவர்கள் எங்கேயும் போய்ச் சேர மாட்டார்கள் என்பது எங்களுக்குத் தெரியும்.

லீதியாள் ஸ்கூட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முழுவதும் கேட்டாள். கேட்டு முடித்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது, துணியை வாயில் வைத்து அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"என்ன பேரு வேணும்னாலும் வச்சுக்கோங்க அண்ணாச்சி. எங்க காலுக்கு அந்தப் பேரு ஒண்ணும் கேக்காது."

காலனியே சிரித்தது. நாங்கள் கோபமாகத் திரும்பினோம். கோபத்தில் ஒருவர் பழைய பக்கத்தில் போய்விட்டார், மற்றவர்கள் தெரு போய்ச் சேருவதற்கு முன் அவர் தன் வீட்டு வாசலில் நின்றார்.

தீர்மானம் என்றால் தீர்மானம்தான், ரோட்டுக்கு ஒன்று வீட்டுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ள முடியாது. இடது வலமானதும் இடக்கை வலக்கை ஆயிற்று. பந்தியில் வலக்கையால் சாப்பிடு என்று பிள்ளைகளை அதட்டினோம், அவை முழித்துவிட்டு எந்தக் கையால் கழுவுகின்றனவோ அந்தக் கையால் சோற்றைப் பிசைந்தன; நாங்களும் பிசைந்தோம், கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினோம். கோயிலில் ஐயர் விபூதி கொடுத்தால் வலக்கை என்று சொல்லி இடக்கையை நீட்டினோம், அவர் தட்டோடு உள்ளே போய்விட்டார். பெண்கள் மட்டும் எந்தக் கையால் சாப்பிட்டார்களோ அதே கையால் சாப்பிட்டார்கள், எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டுவிட்டார்கள்.

பெரியதுரை செத்து வருஷம் திரும்புவதற்குள் வீட்டில் ஒரு நல்ல காரியம் நடக்கவேண்டும் என்று இளைய மகன் அருணகிரிக்குப் பெண் பார்த்தார்கள். கோவில்பட்டிப் பெண், சுபாஷிணி, மருந்தாளுநர் படிப்பு. அருணகிரியும் சென்னையில் எம்.சி.ஏ. படித்தவன்தான், போனில் இரண்டு மாதம் பேசிப் பழகியிருந்தார்கள். பேச்சில் எந்தக் குறையும் அவளுக்குத் தெரியவில்லை. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாலை நாலு மணிக்குப் பெண் அழைத்துக் கொண்டுவந்தோம். மேளம் வாசித்தது. வாசலில் செல்லக்கனி ஆலம் சுற்றினாள். தாலியறுத்தவள் என்று சண்முகக்கனியைக் கதவுக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள்.

"வலது காலை எடுத்து வச்சு வாம்மா" என்றார் பூலோகம்.

சுபாஷிணி செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலை எடுத்தாள்.

"ஐயோ, அது இடது!" என்று நாற்பது ஆண்கள் ஒரே குரலில் கத்தினோம்.

அவள் பயந்து காலை இழுத்துக்கொண்டு, தன் இரண்டு பாதங்களையும் பார்த்தாள். மறுபடியும் வலது காலையே எடுத்தாள். மறுபடியும் கத்தினோம். மேளம் நின்றது. செந்தில்வேல் முன்னால் வந்து, இந்த ஊரில் இதுதான் வலது, ஊர் கூடிப் போட்ட தீர்மானம், ஒரு தடவை பழகிவிட்டால் கஷ்டம் இருக்காது என்று பொறுமையாக விளக்கினான். அவள் அவன் சொல்வதைக் கடைசிவரை கேட்டாள், பிறகு மாலையோடு நின்ற மாப்பிள்ளையைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்க. உங்களுக்கு எது வலது கை?"

அருணகிரி அண்ணனைப் பார்த்தான். பூலோகத்தைப் பார்த்தான். எங்கள் எல்லாரையும் பார்த்தான். முகமெல்லாம் வேர்த்து, மெதுவாக இடது கையைத் தூக்கினான்.

அவள் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவன் அதை இறக்கிவிடுவான் என்று காத்திருந்தாள் என்றுதான் நினைக்கிறேன். அவன் இறக்கவில்லை. அவள் குனிந்து செருப்பைப் போட்டுக்கொண்டு, "அப்பா, வண்டிய எடுக்கச் சொல்லுங்க" என்றாள்.

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கதவுக்குப் பின்னாலிருந்து சண்முகக்கனி வெளியே வந்து, "நில்லு தாயி" என்றாள். மாமியார் தடுத்துவிடுவாள் என்று எங்களுக்கு மூச்சு வந்தது. அவள் கையில் ஒரு துணிப்பை இருந்தது.

"உங்க வண்டியில எடம் இருக்குமா? கோவில்பட்டிக்கு முன்னாலதான் எங்கக்கா வீடு இருக்கு. வழியில எறக்கி விட்டுருங்க."

"அம்மா!" என்றான் செந்தில்வேல். "எப்ப வருவ?"

"நீ எந்தக் கையால சோறு திங்கன்னு ஒரு முடிவுக்கு வா. வந்ததும் சொல்லி அனுப்பு."

இரண்டு பெண்களும் காரில் ஏறினார்கள். செல்லக்கனி ஆலத்தட்டைக் கீழே வைத்துவிட்டு, கார் போகிறவரை கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். கார் அதற்குரிய பக்கத்தில் போய், புளியமரத்தைத் தாண்டி, மறைந்தது. அருணகிரி மாலையோடு, தூக்கிய கையோடு, அப்படியே நின்றான். கை வலித்திருக்கும். கையை இறக்கு என்று அவனிடம் சொல்ல எங்கள் நாற்பது பேரில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. எந்தக் கையை என்று அவன் கேட்டால்?